கூப்பிடு தூரம்

வருகைப் பதிவேடு வாசிக்கும் குரல்
சமையலறைச் சன்னலுக்கு வந்துவிடுகிறது.
ஹெர்லிந்தா அடுப்பைத் தணித்துக் காது கொடுக்கிறாள்.
"யாரெட்சி."
பதில் இல்லை.
"யாரெட்சி?"
மகள் இன்னும் பேருந்தில் இருக்கிறாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் பள்ளி.
கூப்பிட்டால் கேட்கும்.
போனால் ஆறு கிலோமீட்டர்:
வாயில், காவல்கூண்டு, நெடுஞ்சாலை,
லாரிகள் திரும்பும் மேம்பாலத்தடி வளைவு,
மறுபடி நெடுஞ்சாலை, மறுபடி காவல்கூண்டு,
மறுபடி எந்த வீடு, யாரைப் பார்க்க.

கெரெத்தரோவுக்கு வடக்கே, சோளம் விளைந்த இடத்தில்
நகரம் இப்படித்தான் வந்து இறங்கியது,
கம்பெனிக்கு ஒரு துண்டாக.
விற்பனை அலுவலகத்து வரைபடம் அழகாகவே இருந்தது.
ஒரு தண்டு, கிளைகள்,
கிளை நுனியிலெல்லாம் காய்போல் உருண்டு முடியும் தெரு.
அமைதி, என்றான் விற்றவன். குறுக்கே யாரும் வரமாட்டார்கள்.
பொய் சொல்லவில்லை.

தெருக்களுக்கு நதிகளின் பெயர்.
பால்சாஸ். பானுகோ. கிரிஹால்வா.
எந்த நதியும் எந்த நதியோடும் சேர்வதில்லை.
கடல்வரை போவதில்லை,
சுவர்வரை போகின்றன.
அறுநூறு வீட்டுக்கு ஒரு நாற்சந்தி கிடையாது.
பானுகோ தெருக்காரன் மனைவியைப் பிரிந்தது
பால்சாஸ் தெருவுக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று.
சந்தி சிரிப்பதற்கும்
ஒரு சந்தி வேண்டுமே.

பிப்ரவரியில் ஒரு காலை சுவரில் ஓட்டை இருந்தது.
யார் என்று இன்றுவரை தெரியாது.
முதலில் ஒரு நாய் போய்த் திரும்பிற்று.
பிறகு பள்ளிப் பிள்ளைகள், பைகளை முன்னால் தள்ளிவிட்டு.
பிறகு சைக்கிள், மெத்தை, ஒரு தையல் இயந்திரம்.
பதினைந்தாம் பிறந்தநாள் கேக் ஒன்று
மூன்றடுக்கில் இரண்டடுக்கு நுழைந்து
மூன்றாவதற்கு இரண்டு பக்கமும் கூடி நின்று
சாய்க்கலாமா கூடாதா என்று
கால்மணி நேரம் வாதாடியதில்
அறிமுகமானவர்கள் இருபது பேர் இருக்கும்.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம் போட்டார்கள்.
ஓட்டை வழியாகத் திருடர்கள் வருவார்கள், அந்தப் பக்கத்திலிருந்து.
அதே வியாழன் அந்தப் பக்கமும் கூட்டம்.
அதே திருடர்கள், இந்தப் பக்கத்திலிருந்து.

எலியூத்தெரியோவை அழைத்தார்கள். கொத்தனார்.
ஓட்டை ஒன்றுக்கு அறுநூறு பெசோ.
சனிக்கிழமை அடைப்பான்;
செவ்வாய்க்குள் திறந்திருக்கும்.
நாலாம் முறை சிமென்ட் குறைவு என்றார் செயலாளர்.
ஆறாம் முறை அவனே பிரிக்கிறான் என்றார்கள்.
ஒன்பதாம் முறை, காவலாளி ஓதிலோனை
இரவெல்லாம் அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.
ஓதிலோனுக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தியைப் பிடித்துப்போயிற்று.
அது தனிக் கதை.

பதினொன்றாம் முறை
செயலாளர் குடை பிடித்துப் பக்கத்திலேயே நின்றார்.
கலவையை விரலால் தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.
எலியூத்தெரியோ நூல் பிடித்து, மட்டம் பார்த்து,
தன் ஆயுளில் கட்டிய சுவர்களிலேயே
ஒழுங்கான சுவரைக் கட்டினான்.
செயலாளருக்குத் தொலைபேசி வந்தது ஒரே ஒருதரம்.
திரும்பி நின்று பேசினார், ஐந்து நிமிடம்.

கரண்டியைக் கழுவும்போது
குழாயடியில் நின்ற ஹெர்லிந்தாவிடம்,
அவளைப் பார்க்காமல்,
கீழிருந்து இரண்டாம் வரிசை என்றான்.
வெளிப்பூச்சுதான். உள்ளே சாந்தில்லை.
நாலு கல்.

திங்கள்.
ஹெர்லிந்தா அடுப்பைத் தணிக்கிறாள்.
"யாரெட்சி."
சற்று மூச்சிரைக்க, முட்டியில் சுண்ணாம்புத் தூளோடு
இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறாள்.
சன்னலுக்கு வந்தது குரல் மட்டும்.

சங்கத்துக் கோப்பில் ரசீது இருக்கிறது:
சுவர் முழுமையாக அடைக்கப்பட்டது. அறுநூறு பெசோ.
கீழே அவன் கையெழுத்து,
எழுத்தோடு எழுத்து சேராமல்.